அமெரிக்காவுல பொழுதுபோக்குக்கு ட்ரோன் விடறவங்களுக்கு: வான்வெளி விதி, அனுமதி, எதுக்கு அப்புறம் எது

புதுசா ட்ரோன் வாங்கினவங்க முக்காவாசி பேர் கேட்கிற முதல் கேள்வி, "இந்த இடத்துல பறக்கவிட அனுமதி எப்படி வாங்கறது"ங்கறதுதான். அது உண்மையில நடுவுல வர வேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி நாலு வேலை இருக்கு, அதுல ஒண்ணு விட்டுப் போனாலும் வாங்கின அனுமதி செல்லாது. பெரும்பாலானவங்க தடுக்கி விழறது விதி தெரியாம இல்ல, வரிசை மாத்திப் பண்றதாலதான், அதனால இங்க வரிசைப்படியே போறேன்.

கையில தயாரா வச்சுக்க வேண்டியது: ஒரு இமெயில், கிரெடிட் கார்டு, கிராம் காட்டற சமையல்கட்டு தராசு, ட்ரோனோட சீரியல் நம்பர், அழியாத மார்க்கர் பேனா, போன்ல கொஞ்சம் இடம். மொத்தத்தையும் ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம்.

1. நீங்க பொழுதுபோக்குக்குத்தான் விடறீங்களான்னு முடிவு பண்ணுங்க

எல்லாமே இதை வச்சுத்தான். அமெரிக்கச் சட்டத்துல 44809ங்கற பிரிவு பொழுதுபோக்குக்கு பறக்கவிடறவங்களுக்கு, அதுல வராத எல்லாரும் பார்ட் 107ங்கற விதிக்குள்ள போயிடுவாங்க, அதுக்கு பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கணும்.

இங்கதான் குழப்பம். காசு வாங்கலைன்னா பொழுதுபோக்குன்னு நினைச்சுக்கறாங்க. அப்படிக் கிடையாது. பறக்கவிடற நோக்கம் என்னன்னுதான் பார்ப்பாங்க. வீடு விக்கற நண்பருக்கு சும்மா நாலு போட்டோ எடுத்துக் கொடுக்கறது, ஒரு தொண்டு நிறுவனத்தோட விழாவை இலவசமா வீடியோ எடுக்கறது, புயலுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு கூரை எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்றது, விளம்பர வருமானம் வர்ற யூடியூப் சேனலுக்காக எடுக்கறது எதுவுமே பொழுதுபோக்கு கணக்குல வராது. உங்க சந்தோஷத்துக்கு மட்டும்னா இந்த வழிகாட்டி உங்களுக்கு. மேல சொன்னதுல ஏதாவது பண்ணப் போறீங்கன்னா இங்கயே நிறுத்திட்டு பார்ட் 107க்கு படிங்க, ஏன்னா தப்பான பிரிவுல வாங்கின அனுமதி உங்களைக் காப்பாத்தாது.

2. ட்ரோனை எடை போட்டு, தேவைப்பட்டா ரிஜிஸ்டர் பண்ணுங்க

250 கிராம்தான் கோடு. அதுக்குக் கீழ இருந்து, பொழுதுபோக்குக்கு மட்டும் விட்டீங்கன்னா ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். 250 கிராமோ அதுக்கு மேலயோ இருந்தா கட்டாயம்.

பெட்டியில போட்டிருக்கிற எடையை நம்பாதீங்க, தராசுல வைங்க. டிஜேஐங்கற ட்ரோன் கம்பெனியோட மினி வகையறா 249 கிராம்னு விக்கறது சாதாரண பேட்டரியோட மட்டும்தான். கூடுதல் நேரம் வரும்னு ப்ளஸ் பேட்டரி மாட்டினாலோ ப்ரொபெல்லர் கார்டு போட்டாலோ கோட்டைத் தாண்டிடும். எதை மாட்டிப் பறக்கவிடப் போறீங்களோ அதெல்லாம் மாட்டித்தான் எடை போடணும்.

ரிஜிஸ்டர் பண்றது எஃப்ஏஏ (அமெரிக்க அரசோட விமானப் போக்குவரத்து அமைப்பு) நடத்தற ட்ரோன்சோன்ங்கற தளத்துல. 5 டாலர், 3 வருஷத்துக்கு செல்லும். 13 வயசாவது ஆகியிருக்கணும், குழந்தை அதுக்கும் சின்னதுன்னா பெரியவங்க பேர்ல பண்ணுங்க. கூகுள்ல தேடினா முதல்ல வர்றது பலநேரம் தனியார் தளங்கள், அதே வேலைக்கு பல மடங்கு காசு கேப்பாங்க. முகவரியோட கடைசியில "டாட் ஜிஓவி" இருக்கான்னு பார்த்துட்டு கார்டு நம்பர் போடுங்க.

பொழுதுபோக்கு பிரிவுல ஒரு நம்பர் உங்களுக்கு வரும், உங்ககிட்ட இருக்கிற எல்லா ட்ரோனுக்கும் அதே நம்பர்தான். ஆனா ஒவ்வொரு ட்ரோனோட ரிமோட் ஐடி (பறக்கும்போது ட்ரோன் ஒலிபரப்பற அடையாளம், 4ல வரும்) சீரியல் நம்பரையும் அந்தக் கணக்குல தனித்தனியா சேர்க்கணும், ரெண்டாவது ட்ரோன் வாங்கும்போது இதை நிறைய பேர் விட்டுடறாங்க.

வந்த நம்பரை ட்ரோனோட வெளிப்பக்கம் தெரியற மாதிரி எழுதணும். போன மாசம் ஒருத்தர் பேட்டரியைக் கழட்டி உள்ள ஒட்டியிருக்கிற லேபிளைக் காட்டினார், அச்சடிச்ச மாதிரி அவ்வளவு சுத்தமா ஒட்டியிருந்தார், ஆனா அது பழைய விதி. 2019 பிப்ரவரி 25ல இருந்து வெளிய தெரிஞ்சே ஆகணும்னு மாத்திட்டாங்க. காரணம் ரொம்ப நியாயமானது, கீழ விழுந்து கிடக்கிற ஒரு ட்ரோனை யாரோ ஒருத்தர் கையால பிரிச்சுப் பார்க்கிறது ஆபத்து, பேட்டரி தீப்பிடிக்கலாம், உள்ள வேற ஏதாவதும் இருக்கலாம்.

இந்தியாவுல இருந்து விசிட்டுக்கு வர்றவங்க கையோட ட்ரோன் கொண்டு வந்தாலும் இதே வழிதான். 250 கிராம் தாண்டினா அவங்களும் ட்ரோன்சோன்ல பதியணும், அவங்களுக்குக் கிடைக்கறதை ரிஜிஸ்ட்ரேஷன்னு இல்லாம உரிமை அங்கீகாரம்னு எஃப்ஏஏ எடுத்துக்கும். அடுத்து வர்ற டெஸ்ட்டும் அவங்களுக்கு உண்டு.

3. ட்ரஸ்ட் டெஸ்ட் முடிங்க

இது பொழுதுபோக்குக்கு விடறவங்களுக்கான பாதுகாப்பு டெஸ்ட், எடையே பார்க்காது. 100 கிராம் ட்ரோனா இருந்தாலும் வேணும். இலவசம், ஆன்லைன்ல, எஃப்ஏஏ அங்கீகரிச்ச அமைப்புகள் நடத்துது. தப்பா பதில் சொன்னா ஏன் தப்புன்னு காட்டி திரும்ப சொல்ல விடுவாங்க, அதனால ஃபெயில்ங்கற பேச்சே இல்ல.

முடிச்ச உடனே வர்ற சர்டிஃபிகேட்டை பத்திரமா சேவ் பண்ணுங்க. டெஸ்ட் நடத்தினவங்க உங்க ரெக்கார்டை வச்சுக்க மாட்டாங்க, தொலைஞ்சா மறுபடி முதல்ல இருந்து எழுதணும். போலீஸோ எஃப்ஏஏ ஆளோ கேட்டா காட்டணும்னு சட்டத்துலயே இருக்கு.

கூடவே இன்னொண்ணு. எஃப்ஏஏ அங்கீகரிச்ச ஒரு சமூக அமைப்போட பாதுகாப்பு வழிமுறைப்படி பறக்கவிடணும்னு 44809 சொல்லுது. அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் மாதிரி சில அமைப்புகள் இருக்கு, உறுப்பினர் ஆகணும்னு அவசியம் இல்ல, அவங்க வழிமுறையை ஒரு தடவை உக்காந்து படிச்சு அதுப்படி நடந்தா போதும். ராத்திரி பறக்கவிட என்ன லைட் வேணும்ங்கறது மாதிரி விஷயமெல்லாம் அதுலதான் இருக்கும்.

4. ரிமோட் ஐடி வேலை செய்யுதான்னு பாருங்க

ரிஜிஸ்டர் பண்ண வேண்டிய ட்ரோன் எல்லாத்துக்கும் ரிமோட் ஐடி வேணும். பறக்கும்போது ட்ரோன் எங்க இருக்கு, எவ்வளவு உயரம், கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு சுத்தி இருக்கிறவங்களுக்கு ஒலிபரப்பிட்டே இருக்கும். 2024 மார்ச் 16க்கு அப்புறம் இதுல சலுகை கிடையாது.

புது ட்ரோன்கள்ல உள்ளயே இருக்கும். பழசுக்கும் நீங்களே கட்டினதுக்கும் தனி மாட்யூல் வாங்கி மாட்டணும், இல்லன்னா ஃப்ரியான்னு சொல்ற எஃப்ஏஏ அங்கீகரிச்ச இடத்துல மட்டும் விடணும். மாட்யூலுக்கும் எடை உண்டு, மாட்டினப்புறம் திரும்ப தராசுல வைங்க.

5. இடத்தோட வான்வெளி என்ன வகைன்னு பாருங்க

இப்பத்தான் மேப்பைத் திறக்கறோம். "பிஃபோர் யூ ஃப்ளை" சேவை எஃப்ஏஏ அங்கீகரிச்ச சில கம்பெனி ஆப்ல இலவசமா கிடைக்குது, ஏதாவது ஒண்ணு போதும். லான்ஸ்ங்கற தானியங்கி முறையில (7ல வரும்) அனுமதியும் அதே ஆப்லயே கேட்க முடியற மாதிரி பார்த்து எடுத்துக்கிட்டா ரெண்டு ஆப் வேண்டாம்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ரெண்டே பிரிவு. கட்டுப்பாடு இல்லாத வான்வெளி, அதாவது கிளாஸ் ஜி: இங்க தரையில இருந்து 400 அடி வரைக்கும் யாரையும் கேட்காம விடலாம். கட்டுப்பாடு உள்ள வான்வெளி: பெரிய ஏர்போர்ட் சுத்தி கிளாஸ் பி, நடுத்தரத்துக்கு சி, கட்டுப்பாட்டு டவர் இருக்கிற சின்ன ஏர்போர்ட்டுக்கு டி, அப்புறம் தரை வரைக்கும் இறங்கி வர்ற கிளாஸ் ஈ. இந்த நாலுலயும் தரையில இருந்து ஒரு அடி மேல போகணும்னாலும் முன்கூட்டியே அனுமதி வேணும்.

பி, சி எல்லாம் மேல போகப் போக அகலமாகற அடுக்கு. ஏர்போர்ட்ல இருந்து தள்ளி இருந்தா அந்த அடுக்கு உங்க தலைக்கு மேல ரொம்ப உயரத்துல ஆரம்பிக்கும், கீழ 400 அடி கிளாஸ் ஜியாவே இருக்கும். இது தெரியாம மேப்ல கோட்டைப் பார்த்த உடனே பயந்து திரும்பி வந்துடறவங்களும் உண்டு. தரையைத் தொடற பகுதியை மட்டும் பாருங்க, ஆப் தெளிவா அனுமதி வேணும் வேண்டாம்னு சொல்லிடும்.

இங்க அடிக்கடி நடக்கிற நாலு தப்பு:

ஏர்போர்ட்ல இருந்து 5 மைல் தள்ளி இருந்தா சரிங்கறது. அது பழைய சட்டம், அப்ப 5 மைலுக்குள்ளன்னா ஏர்போர்ட்டுக்கு போன் பண்ணிச் சொன்னா போதும். 2018 அக்டோபர்ல அந்தப் பிரிவையே எடுத்துட்டு 44809ஐ கொண்டு வந்தாங்க. பழைய வீடியோ பார்த்துட்டு இன்னமும் டவருக்கு போன் போடறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், அவங்களால போன்ல அனுமதி தர முடியாது, அவங்க வேலையும் கெடும்.

250 கிராமுக்குக் கீழன்னா வான்வெளி விதி கிடையாதுங்கறது. எடைச் சலுகை ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் ரிமோட் ஐடிக்கும் மட்டும்தான். மத்தது எல்லாம் அப்படியே பொருந்தும்.

ட்ரோன் மேல ஏறிடுச்சு, அப்ப சரிதான்ங்கறது. 2025 ஜனவரியில டிஜேஐ அமெரிக்காவுல, ஏர்போர்ட் பக்கம் ட்ரோனைக் கிளம்ப விடாத தன் பழைய தடுப்பு முறையை எடுத்துட்டு எச்சரிக்கை மட்டும் காட்டற மாதிரி மாத்திடுச்சு. இப்ப ரன்வே பக்கத்துல நின்னாலும் மோட்டார் சுத்தும். அந்த எச்சரிக்கையை ஓகே பண்றது எஃப்ஏஏ அனுமதியும் ஆகாது, ட்ரோன் கம்பெனியும் எஃப்ஏஏவும் வேற வேற.

ஸ்க்ரீன்ல 400 காட்டற வரைக்கும் போகலாம்ங்கறது. பெரும்பாலான ட்ரோன் காட்டற உயரம் நீங்க கிளப்பின இடத்துல இருந்து. 400 அடின்னு விதி சொல்றது ட்ரோனுக்கு நேர் கீழ இருக்கிற தரையில இருந்து. ஒரு மலை விளிம்புல நின்னு 300 அடி ஏத்தி அப்படியே பள்ளத்தாக்கு மேல முன்னாடி விட்டீங்கன்னா ஸ்க்ரீன்ல 300தான் இருக்கும், கீழ தரை 200 அடி இறங்கியிருந்தா உண்மையில 500 அடியில இருக்கீங்க. உயரமான கட்டடத்துக்கு மேல கூடுதலா 400 அடி போகலாம்னு ஒரு சலுகை படிச்சிருப்பீங்க, அது பார்ட் 107க்காரங்களுக்கு, நமக்குக் கிடையாது.

6. தற்காலிகத் தடையும் நிரந்தரத் தடையும் பாருங்க

கிளாஸ் ஜியா இருந்தாலும் அன்னைக்கு மேல டிஎஃப்ஆர் இருந்தா பறக்கவிடக் கூடாது. டிஎஃப்ஆர்னா தற்காலிக வான்வெளித் தடை. ஜனாதிபதி ஊருக்கு வந்தா 30 நாட்டிகல் மைல் வரைக்கும் போடுவாங்க, காட்டுத்தீன்னா போடுவாங்க. இது திடீர்னு வரும், அதனால முந்தின நாள் பார்த்தது போதாது, கிளப்பறதுக்கு முன்னாடி திரும்பப் பார்க்கணும்.

ஸ்டேடியம் விஷயம் தனியா சொல்லணும். 30,000 பேர் உக்காரக்கூடிய ஸ்டேடியத்துல என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்), மேஜர் லீக் பேஸ்பால், டிவிஷன் 1 காலேஜ் ஃபுட்பால் மாதிரி ஆட்டம் நடந்தா, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியில இருந்து முடிஞ்சு ஒரு மணி நேரம் வரைக்கும், ஸ்டேடியத்தைச் சுத்தி 3 நாட்டிகல் மைல் தூரத்துக்குத் தடை. ஆப் காட்டும்னு மட்டும் இருக்காதீங்க, பக்கத்துல ஸ்டேடியம் இருந்தா ஆட்ட அட்டவணையையும் நீங்களே பாருங்க, ஆட்டம் எக்ஸ்ட்ரா டைம் போனா தடையும் கூடவே நீளும்.

நிரந்தரமா இருக்கிறதுல நம்ம ஆளுங்க அடிக்கடி மாட்டறது ரெண்டு. ஒண்ணு டிஸ்னி: ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா ரெண்டு பார்க் மேலயும் 3 நாட்டிகல் மைலுக்கு, 3,000 அடி உயரம் வரைக்கும் தடை, ஹோட்டல் பார்க்கிங்ல இருந்து கிளப்பினாலும் உள்ளதான் இருப்பீங்க. இன்னொண்ணு வாஷிங்டன் டிசி: ரீகன் ஏர்போர்ட்டைச் சுத்தி 15 மைலுக்கு எஃப்ஏஏவோட தனி அனுமதி இல்லாம சுத்தமா கிடையாது, 15ல இருந்து 30 மைல் வரைக்கும் நிபந்தனையோட விடலாம். வாஷிங்டன் மான்யுமென்ட் பக்கத்துல ட்ரோன் ஷாட் எடுக்கலாம்னு பெட்டியில கொண்டு போறதே வீண். ராணுவத் தளங்கள் மேலயும் இதே மாதிரி தடை இருக்கு, மேப்ல சிவப்பா தெரியும்.

தீ எரியற பக்கம் ட்ரோன் எடுத்துட்டுப் போகவே போகாதீங்க. 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீ சமயத்துல ஒருத்தர் சான்டா மோனிகாவுல ஒரு பார்க்கிங் கட்டடத்து மேல்தளத்துல இருந்து தீயைப் பார்க்க ட்ரோன் விட்டார், அது 2,500 மீட்டருக்கும் அதிகமான தூரம் போய் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு, தண்ணி ஊத்திட்டிருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தோட இறக்கையில மோதி ஓட்டை போட்டுடுச்சு. விமானம் பத்திரமா இறங்கிடுச்சு, ஆனா ஊர் எரிஞ்சுட்டிருக்கிற நேரத்துல அதை ரிப்பேருக்கு நிறுத்த வேண்டி வந்துச்சு. அவர் மேல ஃபெடரல் கேஸ் ஆகி குத்தத்தை ஒத்துக்கிட்டார். டிஎஃப்ஆர் பார்க்கலை, கண்பார்வையை விட்டுப் போச்சு, இந்த ரெண்டுல ஒண்ணை சரியா பண்ணியிருந்தாலும் அது நடந்திருக்காது.

7. லான்ஸ் மூலமா அனுமதி கேளுங்க

கட்டுப்பாடு உள்ள வான்வெளின்னு ஆப் சொன்னா மட்டும் இந்தப் படி. லான்ஸ் ஒரு தானியங்கி முறை, 2019 ஜூலையில இருந்து பொழுதுபோக்குக்கு விடறவங்களுக்கும் திறந்துவிட்டிருக்காங்க, இலவசம், பெரும்பாலும் சில நொடியில பதில் வந்துடும்.

ஏர்போர்ட் சுத்தி இருக்கிற பகுதியை கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் போட்டிருப்பாங்க: 0, 50, 100, 200, 300, 400 இந்த மாதிரி. ரன்வேக்கு நேரா இருக்கிற கட்டத்துல 0, தள்ளிப் போகப் போக கூடும். அதுதான் அந்தக் கட்டத்துல லான்ஸ் தானா கொடுக்கக்கூடிய அதிகபட்ச உயரம், அடிக்கணக்குல.

இதை ஒரு தடவை நிதானமா பண்ணிப் பார்ப்போம். உங்க பார்க் இருக்கிற கட்டத்துல 100னு இருக்குன்னு வைங்க. ஆப்ல பொழுதுபோக்கா பார்ட் 107ஆன்னு கேக்கும், பொழுதுபோக்கு. அடுத்து இடத்தைச் சுத்தி ஒரு வட்டம் வரையச் சொல்லும். இங்க விரலை அகலமா இழுத்து ஊர் முழுக்க வட்டம் போட்டுடறாங்க, அது பக்கத்துக் கட்டத்துக்குள்ள போயிடும், அந்தக் கட்டத்துல 50ன்னு இருந்தா மொத்த வட்டத்துக்கும் 50தான். உங்க கண்ணுக்கு ட்ரோன் தெரியற தூரத்தைத் தாண்டி வட்டம் எதுக்கு, மைதானம் அளவுக்கு சுருக்கிப் போடுங்க. உயரம் கேக்கும்போது 100 இல்லன்னா அதுக்குக் கீழ. 101 போட்டாலும் தானா கிடைக்காது, அதுக்கு மேல கேட்டுப் பார்க்கிற வசதி பார்ட் 107க்கு மட்டும்தான் உண்டு.

அப்புறம் நேரம். எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிப்பீங்களோ அந்த நேரத்துக்கு மட்டும்தான் அனுமதி. காலைல 8ல இருந்து 9ன்னு வாங்கிட்டு, குழந்தைங்களைக் கிளப்பி போய்ச் சேர 9:10 ஆயிடுச்சுன்னா அந்த அனுமதி முடிஞ்சுது, புதுசா கேளுங்க, எப்படியும் நொடியில வர்றதுதான். போன் நம்பரை சரியா போடுங்க, அனுமதி மெசேஜ் அதுக்குத்தான் வரும், நடுவுல ரத்து பண்ணினாலும் அதுலதான் தெரியும். மெசேஜை அழிக்காதீங்க, அதுதான் கையில இருக்கிற ஆதாரம். போற இடத்துல சிக்னல் வராதுன்னா வீட்டுல இருந்தே வாங்கிட்டுப் போங்க.

அனுமதி கிடைச்சதுங்கறதுக்காக டவர் உங்களைக் கவனிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம் ஆகாது. ஆள் ஓட்டற விமானம், ஹெலிகாப்டர் எது வந்தாலும் நீங்கதான் ஒதுங்கணும், எப்பவும். சத்தம் கேட்ட உடனே இறக்கிடுங்க, எங்க இருந்து வருதுன்னு தேடிட்டு நிக்காதீங்க. அனுமதி வாங்கினப்புறம் டிஎஃப்ஆர் வந்தா டிஎஃப்ஆர்தான் செல்லும்.

8. லான்ஸ்ல கிடைக்கலைன்னா

கட்டத்துல 0ன்னா வேற இடம் பாருங்க, அதுதான் என் யோசனை. பலநேரம் அரை மைல் தள்ளிப் போனாலே 100 இல்ல 200 கட்டம் கிடைச்சிடும்.

லான்ஸ்ல இன்னும் சேராத ஏர்போர்ட்டா இருந்தா ட்ரோன்சோன்லயே கைமுறையா விண்ணப்பிக்கலாம். ஆள் உக்காந்து பார்க்கிற வேலைங்கறதால வாரக்கணக்குல ஆகலாம், இந்த சனிக்கிழமைக்கு அது உதவாது.

இன்னொரு வழி, பலருக்கு இது தோணறதே இல்ல: மாடல் விமான கிளப் மைதானங்கள். கட்டுப்பாட்டு வான்வெளிக்குள்ள இருக்கிற சில மைதானத்துக்கு எஃப்ஏஏவோட முன்னாடியே ஒப்பந்தம் இருக்கும், அதுல சொன்ன நிபந்தனைப்படி அங்க விடலாம். கூடவே பல வருஷம் ஓட்டினவங்க பக்கத்துல நிப்பாங்க, புதுசா கத்துக்கறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்ல.

9. தரையோட அனுமதியைத் தனியா பாருங்க

வானம் எஃப்ஏஏவோடது, ஆனா நீங்க நிக்கற தரை வேற யாரோடதோ. லான்ஸ் கிடைச்சாலும் பார்க்ல கிளப்பறதுக்கு அந்த ஊர் விதி தடுக்கலாம். மேப் ஆப்ல இது எப்பவும் தெரியாது, ஊர் இல்லன்னா கவுன்ட்டி பார்க் தளத்துல தேடணும், போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லிடுவாங்க.

நேஷனல் பார்க் எல்லாத்துலயும் 2014ல இருந்தே ட்ரோன் கிளப்பறது, இறக்கறது, இயக்கறது தடை, யோசமிட்டி, கிராண்ட் கேன்யன் எல்லாம் சேர்த்துத்தான். 6 மாசம் வரைக்கும் சிறை, 5,000 டாலர் வரைக்கும் அபராதம்னு போட்டிருக்காங்க. மாநிலப் பூங்காவுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

10. கிளப்பற அன்னைக்கு

வீட்டை விட்டுக் கிளம்பும்போதும், மைதானத்துல மோட்டார் போடறதுக்கு முன்னாடியும் டிஎஃப்ஆர் பாருங்க. ட்ரஸ்ட் சர்டிஃபிகேட், ரிஜிஸ்ட்ரேஷன், லான்ஸ் மெசேஜ் மூணோட ஸ்க்ரீன்ஷாட்டும் போன்ல ஒரே ஃபோல்டர்ல இருக்கட்டும், யாராவது வந்து கேட்டா நிதானமா ட்ரோனை இறக்கிட்டு காட்டுங்க.

ட்ரோன் ஆப் செட்டிங்ஸ்ல அதிகபட்ச உயரத்தை அன்னைக்கு கிடைச்ச உயரத்துக்கு மாத்துங்க. 100 அடி அனுமதின்னா அங்கயும் 100. பல ஆப் மீட்டர்ல கேக்கும், 100 அடின்னா 30 மீட்டர்னு போடுங்க, அவசரத்துல 100 மீட்டர் போட்டா 328 அடி ஆயிடும். அப்படியே தானா வீடு திரும்பற உயரத்தையும் பாருங்க, சிக்னல் விட்டுப் போனா ட்ரோன் முதல்ல அந்த உயரத்துக்குத்தான் ஏறும், அது 100ஐத் தாண்டி இருந்தா நீங்க ஒண்ணுமே பண்ணாம விதி மீறிடும். மரத்தைத் தாண்ட அந்த உயரம் போதாதுன்னா அன்னைக்கு அந்த இடம் சரி வராது.

கண்ணால நேரா பார்க்கிற தூரத்துலயே வச்சிருங்க. ட்ரோன் கேமரா காட்சியைக் கண்ணுக்குள்ளயே காட்டற கண்ணாடி மாட்டி ஓட்டினா (எஃப்பிவி) பக்கத்துலயே ஒருத்தர் நின்னு ட்ரோனைப் பார்த்து உங்களுக்கு வாயால சொல்லிட்டே இருக்கணும், போன்ல இன்னொரு மூலையில இருந்து சொல்றது கணக்குல வராது.

2024ல வந்த எஃப்ஏஏ சட்டத்துக்கு அப்புறம் அபராதம் ஒரு மீறலுக்கு 75,000 டாலர் வரைக்கும் போகலாம். ஒரே பறப்புல ரிஜிஸ்ட்ரேஷன் இல்ல, அனுமதி இல்ல, கண்பார்வை இல்லன்னா மூணும் தனித்தனி மீறல்.

பறந்து முடிச்சப்புறம் லான்ஸ்ல எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்ல, நேரம் முடிஞ்சா தானா முடிஞ்சிடும். அடுத்த வாரம் அதே பார்க்குன்னா 6ல இருந்து திரும்ப ஆரம்பிங்க, முதல் நாலு படியும் ரிஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகற வரைக்கும், புது ட்ரோனோ புது பேட்டரியோ வாங்காத வரைக்கும் அப்படியே செல்லும்.